காகக் கார்

"காகம் நிக்கிற காரிலை என்ரை பிள்ளை ஏறமாட்டாள், அண்ணை" என்றார் தில்லைநாயகி.

தவரத்தினம் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். பாரிசின் லா ஷப்பெல்லில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த அவருடைய கடையில் கலியாணத்துக்கு வேண்டிய சகலதும் வாடகைக்குக் கிடைக்கும். மணவறை, குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, பிளாஸ்ரிக் வாழைமரம். ஆனால் கடையின் முன்கண்ணாடியில் இவை ஒன்றின் படமும் கிடையாது. அங்கே கண்ணாடியை நிறைத்துக்கொண்டு ஒரே ஒரு படம்தான் இருந்தது, அவருடைய பக்கார்ட் காருடைய படம்.

"எந்தக் காகம்?"

"உங்கடை காரிலை முன்னுக்குச் செட்டையை விரிச்சுக்கொண்டு நிக்குதே, அந்தக் காகம்."

"தங்கச்சி, அது அன்னம்."

"அன்னமெண்டுதான் நானும் நம்பிக் கதைச்சனான். பிள்ளை இன்ரர்நெற்றிலை பாத்தவள். சொல்லு லக்ஷனா."

தில்லைநாயகியின் மகள் லக்ஷனா கடை வாசலில் சாய்ந்து நின்றாள். பாரிசிலேயே பிறந்து வளர்ந்தவள், காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. இன்னும் பத்து நாளில் அவளுக்குத்தான் கலியாணம். கைத்தொலைபேசியைப் பார்த்து, செய்தி வாசிப்பதுபோல வாசித்தாள்.

"கொர்மொரான். தமிழிலை நீர்க்காகம்."

"கேட்டியளோ அண்ணை? காகம் ஆற்றை வாகனம்?"

தவரத்தினம் பதில் சொல்ல விரும்பவில்லை. ஆனால் தெரிந்த கேள்விக்கு வாய் தானாகவே பதில் சொல்லிவிட்டது. "சனீஸ்வரன்ரை."

"மாப்பிள்ளைக்கு ஏழரைச் சனி இப்பதான் முடியப்போகுது. போற சனியனைக் கார் வைச்சு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறியளோ?"

"கலியாணம் வைச்சிருக்கிறதே சனிக்கிழமையிலை, தங்கச்சி. சனிக்கிழமை பரவாயில்லை, சனீஸ்வரன்ரை பறவை மட்டும் கூடாதோ?"

"மண்டபம் சனிக்கிழமைதான் கிடைச்சது" என்றார் தில்லைநாயகி. அதற்குமேல் அதில் பேச எதுவும் இல்லை என்பதுபோல எழுந்து சேலையை உதறினார். "நாளண்டைக்குள்ளை அது காகமில்லை எண்டு காட்டுங்கோ. இல்லாட்டி நான் கரிகாலன் தம்பியின்ரை வெள்ளைக் காரைச் சொல்லுறன்."

கரிகாலனின் பெயரைச் சொல்லாமல் போயிருந்தால் தவரத்தினம் கொஞ்சம் குறைவாகக் கொதித்திருப்பார்.

அந்தக் கார் 1948ஆம் ஆண்டுப் பக்கார்ட். அதிலும் சாதாரணப் பக்கார்ட் அல்ல. அந்த அமெரிக்கக் கம்பனி தன் உச்ச வகைக் காரையே இன்னும் ஒரு முழத்துக்கு மேல் நீட்டி, ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருக்கிறவர்களுக்கும் நடுவே ஏற்றி இறக்கும் கண்ணாடி வைத்து, ஏழு பேர் காலை நீட்டி இருக்கும்படி தொழிற்சாலையிலேயே செய்த வகை. அந்த நீளத்தில் செய்தவை சில நூறுதான். அதிலொன்று பாரிசுக்கு வடக்கே போவே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்துக்குள், பின்சீற்றில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருக்க, தவரத்தினத்தின் கண்ணில் பட்டது. கோழிகளை இறக்கி, கழுவி, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, தந்த நிறம் பூசி முடிக்க ஆறு வருடம் எடுத்தது. முன்பக்கம் முட்டைப் பெட்டிபோலக் கட்டம் கட்டமான வெள்ளிக் கம்பிகள், அதே கட்டங்கள் பின்பக்கமும். உச்சியில், இயந்திரத்தை மூடும் பொனற்றின் நுனியில், கழுத்தை வளைத்துச் செட்டையை உயர்த்தி நிற்கும் அந்தப் பறவை. சனிக்கிழமைகளில் சாமி விளக்கைத் துடைக்கும் முன்னர் தவரத்தினம் துடைப்பது அந்தப் பறவையைத்தான்.

லா ஷப்பெல்லில் பத்து வருடமாக அதற்கு அன்னக் கார் என்று பெயர். அதில் ஏறிப்போன பெண்கள் இப்போது பிள்ளைகளோடு கடைக்கு வந்து, "அம்மா இந்தக் காரிலைதான் போனனான்" என்று அவர்களுக்குப் படத்தைக் காட்டுவார்கள். அதைப் போய்க் காகம் என்று ஒருத்தர் சொல்வதா?

அடுத்த நாள் காலையில் மரக்கறி வாங்கப் போனபோது, வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அண்ணை, உங்களிட்டையோ காகக் கார் இருக்கு?"

தவரத்தினம் வெண்டிக்காயை வாங்காமலே வெளியே வந்தார். நேரே தேநீர்க்கடைக்குப் போனார். அங்கே கரிகாலன் வடையைச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் இருப்பது பேருந்தளவு நீளமான வெள்ளை லிமோசின். உள்ளே நீல விளக்கு எரியும், பாட்டுப் போட்டால் இருக்கை அதிரும். அதைக் கார் என்று சொல்வதே தவரத்தினத்துக்குப் பிடிக்காது.

"தம்பி, நீயோ இந்தக் கதையைக் கட்டிவிட்டது?"

"எந்தக் கதை, அண்ணை?"

"தெரியாத மாதிரிக் கேக்காதை. தில்லைநாயகிக்கு நீர்க்காகமெண்டு ஆர் சொன்னது?"

கரிகாலன் வடையைக் கீழே வைத்தான். "அண்ணை, பிள்ளையாராணை நானில்லை. என்ரை காரிலை முன்னுக்கு ஒரு ஈயும் நிக்கேல்லை. நான் ஏன் மற்றவன்ரை பறவையைப் பற்றிக் கதைக்கப் போறன்? ஆனா காகக் கார் எண்ட பேர் நல்லாத்தான் இருக்கு. நான் வைக்கேல்லை எண்டு கவலையா இருக்கு."

அவன் சிரித்ததைப் பார்த்தால் நம்பலாம்போலவும் இருந்தது, நம்பக்கூடாதுபோலவும் இருந்தது. தவரத்தினம் நம்பவில்லை.

பறவையின் மானத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில் இருந்தார். தவரத்தினம் பக்கார்ட்டை நிறுத்திவைக்கும் கராஜுக்குப் பக்கத்துக் கராஜ்காரர் ழான்-லூக். ரயில்வேயில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவர். அவருடைய கராஜில் கார் கிடையாது. கார்களின் மூக்கில் நிற்கும் சிலைகள்தான் சுவர் முழுக்கத் தட்டுத் தட்டாக நின்றன. வேட்டைநாய், வில்லாளி, செட்டை முளைத்த பெண், சக்கரத்தை ஏந்தியபடி குனிந்து பறக்கும் இன்னொரு பெண். ஒவ்வொன்றின் கீழும் எந்தக் கம்பனி, எந்த வருடம், எந்த வகை என்று சின்ன எழுத்தில் ஒட்டியிருப்பார்.

"மிசியே ழான்-லூக், இது அன்னமெண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்று தவரத்தினம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்.

ழான்-லூக்கின் முகம் சிவந்தது. "அன்னமா? எவன் சொன்னான் அன்னமென்று? தவா, உங்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் கராஜுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். கழுத்தைப் பாருங்கள், அலகைப் பாருங்கள்."

"அப்ப காகமோ?"

"கொர்மொரான். அல்லது பெலிக்கான். கம்பனிக்கே அதில் ஒரு முடிவு இருக்கவில்லை. ஒரு காலத்தில் அப்படிச் சொன்னார்கள், ஒரு காலத்தில் இப்படிச் சொன்னார்கள். சேகரிப்பாளர்கள் இதற்காக எழுபது வருடமாகச் சண்டை பிடிக்கிறோம். ஆனால் அன்னமென்று சொல்கிறவனை இரண்டு கட்சியும் சேர்ந்து அடிக்கும்."

தவரத்தினம் யோசித்தார். பெலிக்கான் எப்படிப்பட்ட பறவை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதில் காகம் இல்லை. அது போதும்.

"பெலிக்கான் எண்டு எழுதுங்கோ."

ழான்-லூக் எழுதினார். காரின் வருடம், வகை, சக்கர இடைவெளி, பறவையின் பெயர் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே ஒரு முத்திரையும் குத்தினார்.

அன்று பின்னேரமே தவரத்தினம் கடிதத்தோடு தில்லைநாயகி வீட்டுக்குப் போனார். வரவேற்பறை முழுக்கப் பலகாரத் தட்டுக்கான வாளிகளும் சேலைப் பெட்டிகளும். தில்லைநாயகிக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. கடிதம் லக்ஷனாவின் கைக்குப் போனது. நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று தவரத்தினம் மனதுக்குள் ஆறுதல் பட்டார்.

"இந்தக் காரின்ரை வகைக்குப் பேர் கஸ்டம் எயிட்" என்று வாசித்தாள் லக்ஷனா.

"என்ன கஷ்டம்?" என்றார் தில்லைநாயகி.

"கஸ்டம், தங்கச்சி. கஸ்டம் எண்டால் விசேசமாச் செய்ததெண்டு அர்த்தம்" என்றார் தவரத்தினம்.

"எயிட் எண்டால் எட்டுத்தானே? எட்டுச் சனியன்ரை நம்பர். சனியன்ரை நம்பரிலை விசேசமாச் செய்த கஷ்டம். இதை இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லையே நீங்கள்."

"அது எட்டு சிலிண்டர்."

"எட்டு என்னவா இருந்தாலென்ன அண்ணை, எட்டு எட்டுத்தான். பறவைக்கு என்ன போட்டிருக்கு, பிள்ளை?"

லக்ஷனா தொலைபேசியில் தட்டிப் பார்த்தாள். "பெலிக்கான். தமிழிலை கூழைக்கடா."

தில்லைநாயகி மடித்துக்கொண்டிருந்த சேலையைப் பெட்டிக்குள் போட்டார்.

"கடாவோ?" என்றார் தில்லைநாயகி மெதுவாக.

"அது பறவை, தங்கச்சி. பேர்தான் கடா."

"சனியன்ரை வாகனம் வேண்டாமெண்டு சொன்னதுக்கு எமன்ரை வாகனத்தைக் கொண்டு வாறியளோ?"

"எமன்ரை எருமைக்கடா. இது கூழைக்கடா. அது நாலு கால், இது ரெண்டு கால்."

"ரெண்டு காலிலை வந்தாலும் நாலு காலிலை வந்தாலும் அவன் வந்தால் வந்ததுதான்" என்ற தில்லைநாயகி மகளைப் பார்த்தார். "வேறை என்ன போட்டிருக்கு?"

"சேர்ச்சுகளிலை இதைச் செதுக்கி வைச்சிருப்பினமாம். தன்ரை நெஞ்சைத் தானே கொத்தி, இரத்தத்தைக் குஞ்சுகளுக்குக் குடுக்குமெண்டு கதை இருக்காம்" என்று லக்ஷனா அமைதியாகச் சொன்னாள்.

"இரத்தம்" என்றார் தில்லைநாயகி. கடிதத்தை வாங்கி மடித்து, தவரத்தினத்தின் கையில் திருப்பி வைத்தார்.

படியிறங்கும்போது தவரத்தினத்தின் காதுமடல் சுட்டது. எழுபது வயதை நெருங்கும் ஒரு இயந்திரம். ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. ஏற்றிச்சென்ற ஒரு பெண்ணுக்குக்கூட மாலை கசங்கியதில்லை. அதற்கு இந்தப் பட்டமா? இந்தக் கலியாணம் கைவிட்டுப் போனால் காகக் கார் என்ற பெயர் நிலைத்துவிடும். ஏற்கனவே ஆவணிக் கலியாணத்துக்குக் கேட்டிருந்த ஒரு குடும்பம் தொலைபேசியை எடுக்கவில்லை. இன்னொரு குடும்பம், "நாங்கள் மெற்றோவிலையே போகலாமெண்டு யோசிக்கிறம் அண்ணை" என்றது. கூறைச் சேலையோடு மெற்றோவிலாம். பக்கார்ட்டை விட மெற்றோ மேல் என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அவர் படியிலேயே திரும்பி ஏறினார்.

"பறவையைக் கழட்டிவிடுறன்" என்றார், கதவில் நின்றபடி. அதைச் சொல்லும்போது குரல் சற்று உடைந்தது. தில்லைநாயகி அதைத் தடிமன் என்று நினைத்து, "கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ" என்றார்.

பறவையைக் கழற்ற அரை நாள் ஆனது. ழான்-லூக் பொனற்றுக்குக் கீழே தலையை விட்டு, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி மரையைத் திருகினார். இடையிடையே தன் நாட்டைப் பற்றியும் தவரத்தினத்தின் நாட்டைப் பற்றியும் கலியாணம் என்ற அமைப்பைப் பற்றியும் கசப்பாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பறவை வெளியே வந்ததும் அதைத் தன் கைக்குட்டையில் சுற்றித் தட்டில் வைத்து, "மன்னித்துவிடு" என்றார். தவரத்தினத்திடம் அல்ல, பறவையிடம்.

பொனற்றில் இரண்டு துளைகள் மிஞ்சின. மூக்குத்தியைக் கழற்றிய மூக்குப்போல இருந்தது. தவரத்தினம் படம் எடுத்து லக்ஷனாவுக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் தில்லைநாயகி கூப்பிட்டார்.

"என்ன அண்ணை இது கோலம்?"

"நீங்கள் சொன்ன மாதிரிக் கழட்டியாச்சு."

"பிள்ளை காட்டினவள். சின்னமில்லாத காரைப் பிரெஞ்சிலை தலை வெட்டினது எண்டு சொல்லுவினமாம். எனக்கு அதைவிடப் பயங்கரமாத் தெரியுது. நெத்தியிலை ஒண்டுமில்லை, அண்ணை. பொட்டழிஞ்ச முகம் மாதிரிக் கிடக்கு. இந்தக் கோலத்திலையோ என்ரை பிள்ளை மணவறைக்குப் போறது?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"நெத்தி வெறுமையா இருக்கக்கூடாது. அதிலை காகமும் இருக்கக்கூடாது, கடாவும் இருக்கக்கூடாது. மற்றபடி நான் உங்கடை காரைப் பற்றி ஒரு குறையும் சொல்லேல்லை."

தவரத்தினம் தொலைபேசியை வைத்துவிட்டு ழான்-லூக்கின் தட்டுகளைப் பார்த்தார். வேட்டைநாய் பைரவருடைய வாகனம், பேச்சே வேண்டாம். வில்லாளி நல்லவன்போலத் தெரிந்தான், ராமர் என்று சொல்லிவிடலாம். ஆனால் ழான்-லூக் அதைத் தொடவே விடவில்லை. தலைக்கவசம் இல்லாத வில்லாளியாம், அது அபூர்வமாம். கடைசியில் தவரத்தினம் செட்டை முளைத்த பெண்ணைக் காட்டினார்.

"அது கடிலாக் கம்பனியுடையது" என்றார் ழான்-லூக்.

"ஒரு நாளைக்கு மட்டும்."

"பக்கார்ட்டின் உடம்பில் கடிலாக்கின் தலையா? தவா, நான் உங்களை நாகரிகமான மனிதர் என்று நினைத்திருந்தேன்."

ஒரு மணித்தியாலம் கெஞ்சியபின் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். ஒன்று, தருவது அசல் அல்ல, அச்சில் வார்த்த நகல். இரண்டு, பழைய கார்ச் சங்கத்துக்காரர் யாரும் பார்த்துவிட்டால் ழான்-லூக் என்ற பெயரைத் தவரத்தினம் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதே இல்லை.

தவரத்தினத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. செட்டையோடு ஒரு தேவதை. லட்சுமி என்று சொல்லலாம். ஒரே ஒரு சங்கடம், தேவதைக்கு இடுப்புக்கு மேலே போதிய உடுப்பு இல்லை. அவருடைய மனைவி அருள்மலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதை நீங்கள் லா ஷப்பெல் முழுக்கக் கொண்டு திரியப் போறியளோ?"

"அதுக்குத்தான் உன்னட்டைக் கொண்டு வந்தனான்."

அருள்மலர் சிவப்புப் பட்டுத் துண்டில் விரலளவுச் சட்டை ஒன்று தைத்து, செட்டை வெளியே வர முதுகில் இரண்டு துவாரமும் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு ஒரு சின்னப் பொட்டும் வைத்தார். அந்த அமெரிக்கத் தேவதை இப்போது யாருடைய கலியாணத்துக்கோ அவசரமாகப் புறப்பட்டவள்போல இருந்தாள்.

பூட்டி முடித்து, கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்க, தவரத்தினம் காரைத் தில்லைநாயகி வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போனார். தாயும் மகளும் இறங்கி வந்தார்கள்.

"ஆர் அண்ணை இது?"

"லட்சுமி, தங்கச்சி."

"லட்சுமிக்குச் செட்டை இருக்கோ?"

"அமெரிக்க லட்சுமிக்கு இருக்கு."

தில்லைநாயகி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சட்டையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பட்டு நல்ல பட்டு என்று அவருடைய முகம் சொன்னது. தவரத்தினம் மூச்சை விடத் தொடங்கிய நேரம், லக்ஷனா குனிந்து சிலையின் முகத்தைப் பார்த்தாள்.

"தலைமயிர் பின்னாலை பறக்குது. உடம்பு முன்னாலை போகுது. வீட்டை விட்டு ஓடிப்போற பொம்பிளை மாதிரி இருக்கு" என்றாள்.

தில்லைநாயகி கையை எடுத்துக்கொண்டார். "ஓம். ஓடுறாள்தான்."

"ஓடேல்லை, பறக்கிறா" என்றார் தவரத்தினம்.

"கலியாணத்தண்டைக்கு, பொம்பிளைக்கு முன்னாலை, ஓடிப்போறவளை நிறுத்தி வைச்சிருக்கிறியள். சனமெல்லாம் பாத்து என்ன சொல்லும்? சுவிஸிலையிருந்து மாப்பிள்ளை வீட்டார் அம்பது பேர் வருகினம்."

தவரத்தினத்துக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் அதன் ஒத்திகை.

"தங்கச்சி, நான் ஒண்டு கேக்கிறன். காகமெண்டியள், கழட்டினன். கடாவெண்டியள், பேசாமல் இருந்தன். மொட்டையெண்டியள், அந்த மனுசன்ரை காலிலை விழாத குறையா நிண்டு இதை வாங்கிக்கொண்டு வந்தன். என்ரை மனிசி கண் தெரியாமல் இருந்து சட்டை தைச்சவ. இந்த ரோட்டிலை ஓடுற ஆயிரம் காரிலை சிங்கம் நிக்குது, நட்சத்திரம் நிக்குது, ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. என்ரை காருக்கு மட்டும் சாதகம் பாக்கிறியளே, ஏன்? முன்னுக்கு என்னதான் இருக்க வேணும்? நீங்களே சொல்லுங்கோ."

தெருவில் போனவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தில்லைநாயகி முந்தானையை இழுத்துச் சொருகினார்.

"பிள்ளையாரை வையுங்கோ" என்றார். "பிள்ளையாரை ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

சொல்லிவிட்டு வழக்கம்போல மகளைப் பார்த்தார். "என்ன பிள்ளை, பிள்ளையாரைப் பற்றி ஏதும் போட்டிருக்கோ?"

லக்ஷனா தொலைபேசியைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். "ஒண்டும் போடேல்லை" என்று சொல்லி அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

ஒரு சாண் உயரப் பித்தளைப் பிள்ளையார் ஒபர்வில்லியே கராஜுக்கு வந்து சேர்ந்தார். ழான்-லூக் மூக்குக் கண்ணாடியை உயர்த்தி வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தக் கம்பனியின் சின்னம்?"

"எல்லாக் கம்பனிக்கும் முந்தினது" என்றார் தவரத்தினம்.

"எந்த வருடம்?"

தவரத்தினம் மரையைத் திருகினார். ழான்-லூக் தன் தேவதையைச் சட்டையோடேயே தூக்கிக்கொண்டு போய், தன் கராஜ் கதவை உள்ளே இருந்து சாத்திக்கொண்டார். அடுத்த மூன்று நாளும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கலியாண நாள் காலையில் பக்கார்ட் கோயில் தேர்போல மினுங்கியது. முன்னால் பிள்ளையார், அவருக்கு ஒரு மல்லிகைச் சரம், இரண்டு பக்கமும் சிவப்பு நாடா. தில்லைநாயகி தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்குக் கீழே வைத்து, கற்பூரம் காட்டினார். கண்ணில் ஒற்றியபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"குறை நினைக்காதையுங்கோ அண்ணை" என்றார். "ஒரே பிள்ளை. ஒரு குறையும் வந்திடக்கூடாதெண்டுதான்."

தவரத்தினத்தின் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதி, தில்லைநாயகி கரிகாலனின் வெள்ளை லிமோசினில் ஏறியதைக் கண்டதும் திரும்ப உறைந்தது. உறவுக்காரர் கனபேர், அதற்காக அதையும் பிடித்ததாம். கரிகாலன் கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

வீடியோக்காரர் பெண்ணைத் தனியே பின்சீற்றில் இருத்தச் சொன்னார். இவ்வளவு நீளமான காரில், அவ்வளவு பெரிய இருக்கையில், பெண் மட்டும் தனியே இருந்தால் ராணி மாதிரி வருமாம். தோழியையும் தூக்கி மற்றக் காரில் போட்டார்கள். வாசலில் படம் பிடித்து முடிந்ததும் வீடியோக்காரரும் முன்னே போய்விட்டார்.

பக்கார்ட் மண்டபம் இருந்த ஓல்னே-சூ-புவாவை நோக்கிப் புறப்பட்டது. போர்ட் து லா ஷப்பெல்லில் நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் எல்லாக் காரும் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ பாரவண்டி ஒன்று குறுக்கே நின்றது. பக்கத்துக் காரில் இருந்த குழந்தை ஒன்று பிள்ளையாரைப் பார்த்துக் கையசைத்தது. தவரத்தினம் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டார். சீராக இருந்தது. எட்டு சிலிண்டரும் ஒரே மூச்சில். இதைப் போய் அவர்கள்.

மனதுக்குள் பத்து நாளாகக் கிடந்தது மறுபடி எழும்பியது. பின்கண்ணாடியில் லக்ஷனாவைப் பார்த்தார். தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய நகை. கைகள் இரண்டும் மடியில். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. கேட்டதை வாசித்தாள், வாசித்ததைச் சொன்னாள். பிழை வேறெங்கேயோ இருக்கிறது. ஒருவன் இருக்கிறான். காகம் என்று முதல் முதல் ஊதிவிட்டவன்.

நடுக்கண்ணாடியைக் கைப்பிடியைச் சுற்றி இறக்கினார்.

"பிள்ளை, நல்ல நாளிலை கேக்கிறனெண்டு நினைக்காதை. எனக்கு மனம் ஆறேல்லை. ஒரு பேர் மட்டும் சொல்லு. உந்தக் காகம், கடா எல்லாத்தையும் அம்மாவின்ரை காதிலை போட்டது ஆர்? கரிகாலனோ?"

"இல்லை."

"அப்ப ஆர்?"

"நான்தான், அங்கிள்."

தவரத்தினம் திரும்பினார். பின்னால் இருந்த கார் ஹோர்ன் அடித்தது. முன்னால் பாதை திறந்திருந்தது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"நீயோ? என்ரை கார் உனக்கு என்ன பிள்ளை செய்தது?"

லக்ஷனா முன்னால் குனிந்தாள். பிரெஞ்சுக் கலப்பில்லாத தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அம்மாவுக்கு நேரா மூண்டு தரம் வேண்டாமெண்டு சொல்லிப் பாத்திட்டு, சகுனத்துக்கெண்டாலும் பயந்து நிப்பாட்டுவா எண்டுதான் இவ்வளவும் தேடித் தேடிச் சொன்னனான் அங்கிள், நீங்கள் எல்லாரும் பறவையைத்தான் மாத்தி மாத்திப் பூட்டினியளே தவிர, மாப்பிள்ளையை மாத்தலாமெண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை."